ஒதுங்க வேண்டியவர் யார்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி நீண்டு கிடக்கிறது நான்குவழிப் பெருஞ்சாலை. அதன் ஓரத்திலே, வெள்ளைக்கோட்டுக்கும் புழுதிக்கும் இடையே, புத்தகப் பையுடன் மிதிவண்டியில் செல்கிறாள் மாணவி; மண்வெட்டியுடன் செல்கிறார் உழவர். பின்னாலே சீறி வருகிறது மகிழுந்து. "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று அலறுகிறது அதன் ஒலிப்பான்.

ஒதுங்கு! நமக்குப் பழக்கமான சொல்லல்லவா இது? வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களில் 'தாழ்ந்தோர்' நடக்கலாகாது என்றனர். 1924ஆம் ஆண்டு அந்தத் தடையை எதிர்த்துச் சிறை புகுந்தார் பெரியார். தெரு யாருக்கும் தனியுடைமையன்று என்பதே அந்தக் கிளர்ச்சியின் உயிர்நாடி. அங்கே பிறப்பைக் காட்டி ஒதுங்கச் சொன்னார்கள். இங்கே வண்டியைக் காட்டிச் சொல்கிறார்கள். பேருந்து மகிழுந்தை மிரட்ட, மகிழுந்து மோட்டார் சைக்கிளை மிரட்ட, அனைத்தும் சேர்ந்து மிதிவண்டியை மிரட்ட, சாலையிலேயும் ஒரு வருணப் படிக்கட்டு!

"மிதிவண்டிக்காரர் மட்டும் ஒழுங்கா? விளக்கின்றி வருகிறார், எதிர்த்திசையில் வருகிறார்" என்பர் ஓட்டுநர். தவறு யார் செய்யினும் தவறே, மறுக்கவில்லை நாம். ஆனால் காரணம் தேடுவதன்றோ பகுத்தறிவு? நடுத்தடுப்பு ஊரை இரு கூறாக்குகிறது. கடக்கும் வழியோ தொலைவில் இருக்கிறது. காலால் மிதிப்பவர் குறுக்குவழி தேடுவது வியப்பா?

இருவர் தவறும் ஒரே எடையுமல்ல. மிதிவண்டி ஏறத்தாழ 20 கிலோ; மகிழுந்து பெரும்பாலும் 800 கிலோவுக்கும் மேல். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்கிறது இயற்பியல். விளக்கில்லாத மிதிவண்டி பெரும்பாலும் தன்னையே பலியிடும்; வெறிகொண்ட வேகமோ பிறரைப் பலியிடும். ஆகவே, எவன் கையில் அழிக்கும் ஆற்றல் மிகுதியோ, அவன் தலையில் பொறுப்பும் மிகுதி. வலிமை உரிமையைப் பெருக்காது, கடமையைத்தான் பெருக்கும்!

மோதிய பின்னர் "தலைவிதி" என்கிறார்கள். சாலை விதியை மீறியவன் தலைவிதியின் பின்னே ஒளிகிறான்! ஆயுதபூசையன்று சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். பழம் காக்குமெனில் பிரேக் எதற்கு?

2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்தது, விலையில்லா மிதிவண்டித் திட்டம். ஒதுங்கி நிற்கச் சொல்லப்பட்டோரின் மகள் சக்கரமேறிப் பள்ளி சென்றாள். அவளை மீண்டும் புழுதியிலே தள்ளலாமா? 2021 டிசம்பரில், திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது, சாலையில் அடிபட்டோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி மருத்துவம் தரும் திட்டம். வரவேற்போம். அடிபடாமல் காப்பது அதனினும் மேலன்றோ?

தோழர்களே! மிதிவண்டிக்குத் தனிப்பாதையும், ஊர்தோறும் கடவுவழியும் வேண்டுமெனக் கிராமசபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். மிதிவண்டியில் செல்வோர் விளக்குப் பொருத்துங்கள். மகிழுந்தில் செல்வோர், முன்னே மிதிவண்டியைக் கண்டதும் ஒலிப்பானைத் தேடாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். ஒதுங்க வேண்டியது எளியவரல்ல, வலியவரின் ஆணவம்!