வளர்த்தவள் யார் என்று எந்தப் படிவம் கேட்கிறது?

இரும்புலியூரில் சின்னதாக ஒரு அறக்கட்டளை தொடங்கப் போகிறோம். ஏழு பேர், ஒரு தையற்கடையின் பின்னறை, ஒரு பழைய அலமாரி. இவ்வளவுதான் இப்போதைக்குக் கையிருப்பு. திருநங்கைகள், திருநம்பிகள், தன் பாலினத்திலேயே துணை தேடிக்கொண்டவர்கள் ஆகியோரில் பிள்ளை வளர்க்க விரும்புகிறவர்களுக்குத் துணை நிற்பது எங்கள் வேலையாக இருக்கும். இதைச் சொன்னபோது சில தோழர்கள் சிரித்தார்கள். சிலர் அக்கறையோடு கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேள்விகள் மூன்று. "சேரிப் பிள்ளைகளுக்கே நாதியில்ல, இது இப்ப தேவையா?" என்பது முதலாவது. "இது மேல்சாதி நகரத்துக்காரன் பிரச்சினை, நமக்கென்ன?" என்பது இரண்டாவது. "பிள்ளை என்ன உரிமையா, கேட்டு வாங்க?" என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதற்கு வருமுன் முதல் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

1

குடும்பம் என்பது இயற்கையாக முளைத்த ஒன்று என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் சாதிகள் குறித்துக் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இந்தக் கற்பிதத்தை உடைத்தார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்றார். தன் சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுத்துத் தன் சாதிக்குள்ளேயே பெற்றுக்கொள்ள வேண்டுமானால் ஆணும் பெண்ணும் கணக்காக இருக்க வேண்டும். கணவன் செத்தால் மிஞ்சுகிற பெண்ணை எரித்தார்கள், அல்லது விதவைக்கோலத்தில் பூட்டி வைத்தார்கள். மனைவி செத்து மிஞ்சுகிற ஆணுக்குச் சிறுமியைக் கட்டி வைத்தார்கள். சதி, கைம்மை, குழந்தை மணம் மூன்றும் ஒரே எந்திரத்தின் பற்சக்கரங்கள் என்று அவர் விளக்கினார்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத உடம்பு சாதிக்கு ஆபத்தான உடம்பு. வேறு சாதியில் காதலித்தவளை வெட்டுகிற கையும், மகன் சேலை கட்டினால் வீட்டைவிட்டுத் துரத்துகிற கையும் ஒரே கைதான். இரண்டு இடத்திலும் காப்பாற்றப்படுவது ரத்தத்தின் வரிசை. ஆகவே யார் குடும்பம், யார் பெற்றோர் என்ற கேள்வி நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்கிற தலித் தோழர், அம்பேத்கரின் முதல் கட்டுரையிலேயே இருக்கிற பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிறார் என்றுதான் சொல்வேன்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. புரோகிதர் இல்லாமல், தீ வளர்க்காமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள்? சட்டத்தின் கண்ணில் முறைதவறிப் பிறந்தவர்கள்! அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளுக்கும் அப்பன் ஆத்தா வந்தார்கள். அவர்கள் முந்தின நாளும் அதே வீட்டில்தான் சோறு தின்றார்கள். மாறியது காகிதம் மட்டும்.

2

இன்றைய காகிதம் என்ன சொல்கிறது?

இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், அதாவது காரா, 2022இல் விதிமுறைகளை வெளியிட்டது. இணையாகத் தத்தெடுக்க வேண்டுமானால் 2 ஆண்டு நிலையான மண வாழ்க்கை வேண்டும். தனியாளும் தத்தெடுக்கலாம், ஆனால் தனி ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது. அதே ஆண்டு ஜூனில், மணம் செய்யாமல் துணையோடு வாழ்கிற தனியாள் விண்ணப்பிக்க முடியாது என்றும் ஆணையம் சொல்லிவிட்டது. வாடகைத்தாய் முறைப்படுத்தல் சட்டம் 2021இல் வந்தது. மணமான ஆண்–பெண் இணைக்கும், 35 முதல் 45 வயதுக்குட்பட்ட விதவை அல்லது மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கும் மட்டுமே அது கதவு திறக்கிறது. அதே ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் தனிப் பெண்ணை அனுமதிக்கிறது, தனி ஆணை அனுமதிப்பதில்லை.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தன்பாலினத்தார் மணந்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். தத்தெடுப்பில் மட்டும் பிரிந்தார்கள். மணமாகாத இணையை விலக்கும் விதி செல்லாது என்று சந்திரசூட்டும் கவுலும் சொன்னார்கள், மற்ற மூவர் செல்லும் என்றார்கள். 3க்கு 2. ஆக, கல்யாணம் என்ற வாசல் வழியாக வந்தால்தான் பிள்ளை, அந்த வாசலோ உனக்குச் சாத்தியிருக்கிறது. பொதுக் கிணற்றில் கயிறு கட்டினவன்தான் தண்ணி எடுக்கலாம், கயிறு கட்ட உனக்கு அனுமதியில்லை என்று சொன்ன ஊர் ஞாயம் இது. நமக்குத் தெரியாத ஞாயமா?

சன்னமாகச் சில வெளிச்சங்களும் உண்டு. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையும் ஓர் ஆணும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கோழிக்கோட்டில் திருநம்பியான ஸஹாத் 2023 பிப்ரவரியில் அரசு மருத்துவக் கல்லூரியில் பிள்ளை பெற்றார். அவருடைய துணை ஸியா, திருநங்கை. பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை என்று பிரிக்காமல் 'பெற்றோர்' என்று மட்டும் எழுதித் தரும்படி 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

3

மேல்சாதி நகரத்துக்காரன் பிரச்சினை என்பவர்களுக்கு.

ரத்தம் கலக்காத தாய்மை எங்கே அதிகம் வாழ்கிறது? திருநங்கைகளிடம். வீட்டால் துரத்தப்பட்டு வருகிற பதினாறு வயதுக்காரியை ஒரு மூத்த திருநங்கை மகளாக ஏற்கிறாள். சோறு போடுகிறாள், நோயில் பார்க்கிறாள், செத்தால் மாரடிக்கிறாள். அந்த உறவுக்குள்ளும் அதிகாரம் உண்டு, சுரண்டல் உண்டு. எல்லாக் குடும்பத்திலும் இருப்பதுபோல. ஆனால் 2019இன் திருநர் சட்டம் குடும்பம் என்பதை ரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து என்ற மூன்றுக்குள் அடைத்தபோது, துரத்திய வீடு குடும்பமாயிற்று, சோறு போட்டவள் அந்நியமானாள். தலித் திருநங்கையான கிரேஸ் பானு, தாரிகா பானுவை மகளாக ஏற்றுப் படிக்க வைத்து, நீதிமன்றப் படியேறி சித்த மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினார். இந்தத் தாயைவிட எந்தத் தாய் மேல்?

நம்ம தெருக்களையும் பாருங்கள். சூளைக்குப் போன ஆத்தா ஆறு மாசம் வராதபோது பெரியம்மா வளர்த்த பிள்ளைகள் எத்தனை! பாட்டி பாலில்லாத மாரைச் சப்பக் கொடுத்து வளர்த்தவர்கள் எத்தனை! "பெத்தவ ஒருத்தி, வளத்தவ ஒருத்தி" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற சனம் நாம். படிவங்கள்தான் நம்மைப்போல் யோசிப்பதில்லை.

என் வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். நானும் என் துணைவியும் எட்டு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். பிள்ளை அவளுடைய அக்கா மகள். அக்கா காசநோயில் போய்ச் சேர்ந்தாள், அப்பன் இருக்கிற இடம் தெரியாது. பள்ளியில் சேர்க்கப் போனபோது சித்தி என்று அவள் பெயரைப் பாதுகாவலர் கட்டத்தில் எழுதினார்கள். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்கள். போன மழைக்காலத்தில் பிள்ளைக்கு டெங்கு. துணைவி வேலையில் இருந்தாள். ஒரு மருத்துவமனையில் ரத்தத் தட்டணு ஏற்றக் கையெழுத்து கேட்டார்கள். ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டவள் நான். "ரத்த சம்பந்தம் யாராச்சும் வரச் சொல்லுங்க" என்றார்கள். அவள் பேருந்து பிடித்து வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. பிள்ளை பிழைத்தாள். அந்த ஒன்றரை மணி நேரம் யாருடைய கணக்கில் எழுதுவது?

4

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. பிள்ளை உரிமையா?

எங்கள் பின்னறைக்கு இரண்டு ஆண்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள், படித்த வேலை. நாங்கள் தொடங்கப் போவது தெரிந்து நம்பி வந்தவர்கள். "உங்களுக்குத் தெரிஞ்ச பெண்கள் இருப்பாங்கல்ல, செலவு எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். தெரிந்த பெண்கள் என்றால் யார் என்பது எங்களுக்குத் தெரியும். 2021 சட்டத்துக்கு முன்னால் சென்னையில் வாடகைத்தாயாகப் போனவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து போனார்கள் என்பதும் தெரியும். வெளிநாட்டுத் தன்பால் இணைகளுக்கு 2012 விசா விதியும், வெளிநாட்டார் எல்லோருக்கும் 2015 தடையும் கதவடைத்தன. கதவு திறந்திருந்த வரைக்கும் உள்ளே வைக்கப்பட்டிருந்தது ஏழைப் பெண்ணின் வயிறு.

முடியாது என்றோம். எங்களுக்குள் சண்டை வந்தது. ஒரு தோழர், "நாமளும் அரசாங்கம் மாதிரியே கதவடைக்கிறோமே" என்று கோபித்துக்கொண்டு விலகினார். அதைவிட என்னை உலுக்கியது பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி கேட்டது. "படிச்ச பிள்ள, நீ சொல்லு. பதினஞ்சு வருஷமா சித்தாள் வேலையில என் உடம்பு தேஞ்சுது, அப்ப யாரும் அய்யோன்னு சொல்லல. வயித்துக்குக் காசு வந்தா மட்டும் எல்லாருக்கும் ஞாயம் வந்துடுதா?"

இதற்குச் சுலபமான பதில் கிடையாது. அவள் கூற்றில் பாதி உண்மை அசைக்க முடியாதது. கூலி வேண்டாம், அன்புக்காகச் சுமந்து கொடு என்று சொல்கிற சட்டம், பெண்ணின் உழைப்பை இனாமாகக் கேட்கிறது. நம் பெண்களிடம் இனாமாய் வாங்குவது இந்த நாட்டுக்குப் பழகிய வழக்கம். காசு வாங்கிச் சுமந்தவளை இழிவாகப் பேசுகிறவர் யாராயினும் அவருக்கு எதிராக அவள் பக்கம் நிற்பேன். ஆனால் அவளைத் தேடிப் பிடித்து இன்னொருவரிடம் காட்டுகிற தரகுக் கையாக எங்கள் அமைப்பு இருக்க முடியாது. சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியும் "அவங்க விரும்பித்தான் வராங்க" என்றுதான் சொல்கிறான்.

இன்னொன்றும் நடந்தது. அந்த இருவரில் ஒருவர், தயங்கித் தயங்கி, சினைமுட்டை கொடுக்கும் பெண் "நல்ல குடும்பமா" இருக்க வேண்டும் என்றார். நிறம், சைவம் என்று பேச்சு நீண்டது. சாதிப் பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. 1916இல் அம்பேத்கர் காட்டிய எந்திரம் மணமேடையிலிருந்து சோதனைக்குழாய்க்குக் குடி மாறியிருப்பதை அன்று கண்ணால் பார்த்தேன். கல்யாணமே மறுக்கப்பட்டவர்களிடமும் அகமணம் உயிரோடு இருக்கிறது! ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் சாதியை உதறிவிடுவதில்லை.

ஆகவே என் பதில் இது. பிள்ளை யாருக்கும் உரிமை அல்ல. மணமான ஆண் பெண்ணுக்கும் அல்ல, எனக்கும் அல்ல. பிள்ளை ஒரு ஆள், சொத்து அல்ல. ஆனால் 'நீ பெற்றோராகத் தகுதியற்ற பிறவி' என்று பிறப்பை வைத்து ஒருவரைத் தள்ளுவது தீண்டாமை. இரண்டும் வேறு வேறு. முதலாவதை ஒத்துக்கொள்கிறவர் இரண்டாவதையும் ஒத்துக்கொண்டதாக ஆகாது. பிள்ளையைக் கேட்டு வாங்க எனக்கு உரிமையில்லை என்பது சரி. என் கையில் வளர்கிற பிள்ளைக்கு, என்னை அந்நியள் என்று சொல்லாத உலகம் கேட்க உரிமை உண்டு. உரிமை என்ற சொல்லை வளர்ப்பவரிடமிருந்து எடுத்து வளர்கிறவளிடம் கொடுத்துப் பாருங்கள். குழப்பம் தீரும்.

5

இந்த இடத்திலிருந்துதான் அறக்கட்டளையின் வேலையை வகுத்திருக்கிறோம். ஏற்கெனவே பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு முதலிடம். பாதுகாவலர் மனு, உயில், பள்ளிப் படிவம், மருத்துவமனைக் கையெழுத்து எல்லாவற்றுக்கும் கூடப் போய் நிற்போம். திருநங்கைத் தாயையும் மகளையும் வங்கியிலும் மருத்துவமனையிலும் தாய்–மகளாக நடத்த வைக்கப் போராடுவோம். தனியாளாகத் தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்குக் காகித வேலையிலும், வீட்டைப் பார்த்துப் போகிற ஆய்விலும் உதவுவோம். துணையை மறைத்துப் பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்க மாட்டோம். உண்மை சொன்னதற்காகத் தள்ளப்பட்டால் வழக்குக்கு நிற்போம். வயிற்றுக்குத் தரகு பார்க்க மாட்டோம். சாதி, நிறம் கேட்கிறவருக்கு எங்கள் அறையில் நாற்காலி இல்லை.

சேரிப் பிள்ளைகளுக்கு நாதியில்லையே என்ற முதல் கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. உண்மைதான், நாதியில்லை. தமிழ்நாட்டில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபோது தொட்டிலில் போடப்பட்டவை பெரும்பாலும் பெண் பிள்ளைகள். தூக்கிக்கொள்ளக் கைகள் வேண்டும். கைகள் இருக்கின்றன, நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கைகளின் பிறப்பை விசாரித்துத் தட்டிவிடுகிறவர்களிடம் நாதியைப் பற்றிப் பேச வேண்டும், எங்களிடம் அல்ல.

வாரம் ஒரு நாள், ஞாயிறு மாலை, பின்னறை திறந்திருக்கும். சட்டம் தெரிந்தவர், தாலுகா ஆபீஸ் வாசல் தெரிந்தவர், சும்மா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் வரலாம். மறுத்துப் பேசுகிற தோழர்களும் வரட்டும். விலகிப் போன தோழருக்கும் அந்த அறையில் இடம் அப்படியே இருக்கிறது.