காத்திருக்கும் இடம், கொடுத்துவிட்ட வயது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கல்லூரியில் இடம் கிடைத்ததும் வகுப்புக்குப் போகாமல், தங்கள் சபையின் மதப்பரப்பு ஊழியத்தை முடித்துவிட்டு வரும்வரை அந்த இடத்தை வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்வது சாதாரணம். அப்படிக் கேட்பவர்கள் மார்மன்கள் என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் பிள்ளைகள். ஆண்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதைச் சபைத் தலைமையே தீர்மானிக்கும். சம்பளம் கிடையாது. படிப்பு, காதல், வேலை எல்லாம் அதுவரை நிற்கும். 2019 வரை வீட்டோடு பேசுவதே ஆண்டுக்கு இரண்டு முறைதான்; பிறகுதான் வாரந்தோறும் பேச அனுமதி வந்தது.

2012 அக்டோபரில் சபையின் அன்றைய தலைவர் தாமஸ் மான்சன், ஊழியத்துக்கான குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் குறைத்தார். முன்பு பையன்கள் பலர் ஓராண்டு கல்லூரியில் படித்துவிட்டுப் புறப்படுவார்கள். இப்போது பள்ளி முடிந்த கையோடு கிளம்பிவிடலாம்.

திரும்பி வந்தால் இடம் உண்டு என்று தெரிந்தே கிளம்புவது அர்ப்பணிப்பாகுமா?

ஆகும். தாய்லாந்தில் பௌத்த இளைஞர்கள் மழைக்காலத்தில் மூன்று மாதம் துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். திரும்பிவிட்டார்கள் என்பதற்காக அந்தத் துறவை யாரும் பொய் என்பதில்லை. பல்கலைக்கழகம் இடத்தைப் பிடித்து வைக்கலாம். பதினெட்டு வயதை யாராலும் பிடித்து வைக்க முடியாது. அந்த இளைஞன் கொடுப்பது அதைத்தான்.

கேள்வி உண்மையில் கனப்பது வேறிடத்தில். ஆண்களுக்கு ஊழியம் கடமை என்றே சபை போதிக்கிறது. பெண்களை வரவேற்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை. அண்ணன், அப்பா, தாத்தா எல்லாரும் போய்வந்த வீட்டில் பிறந்த பையனுக்கு ‘போகவில்லை’ என்று சொல்லும் சுதந்திரம் எவ்வளவு இருக்கும்? மறுக்க முடியாத ஒன்றைக் கொடுத்தால் அதைக் காணிக்கை என்பதா, வரி என்பதா? 2012-க்குப் பிறகு ஊழியத்துக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. அவர்கள் போகாமல் இருந்திருக்கலாம், போனார்கள். அந்த 18 மாதத்தைக் காணிக்கை என்று சொல்லத் தயக்கமே வேண்டியதில்லை.

உடல்நலமோ மனநலமோ குலைந்து பாதியில் திரும்பும் பிள்ளைகள் அவமானத்தோடு ஊருக்குள் நுழைகிறார்கள். அவர்களில் சிலருக்கு வீட்டிலிருந்தபடியே சமூகப் பணி செய்யும் ஊழியத்தைச் சபை இப்போது தருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் போதாது. நான்கு மாதம் கொடுத்தவனிடம் மீதி இருபது மாதத்தைக் கேட்கும் கணக்கை அவனுடைய பெற்றோரும் கைவிட வேண்டும். அவன் கொடுத்த நான்கு மாதமும் கடவுளுக்குக் கொடுத்ததே.