கூட நின்றவர்

சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இருவர் நினைவு வரும். 1805-இல் தீரன் சின்னமலையைக் காட்டிக் கொடுத்தவன் அவருடைய சமையல்காரன் என்றும், அவரோடு அங்கே தூக்கு மேடை ஏறியவர்களில் ஒருவர் கருப்பசேர்வை என்றும் கொங்கு நாட்டார் சொல்வார்கள். சமையல்காரனைச் சபிக்க நாம் தயங்குவதில்லை. கருப்பசேர்வையிடம், ‘நீர் ஏன் ஐயா கூடப் போனீர்?’ என்று யார் கேட்டோம்?

சாகசக் கதை எழுதுகிறவர்களும் கேட்பதில்லை. டீபோ 1719-இல் எழுதிய கதையில், குரூசோ தான் காப்பாற்றியவனுக்கு ‘வெள்ளிக்கிழமை’ என்று பெயர் வைக்கிறான். அடுத்தபடி ‘எஜமான்’ என்று சொல்லக் கற்பிக்கிறான். பெற்றவள் இட்ட பெயரை விசாரிக்கவே இல்லை!

ழூல் வேர்ன் கொஞ்சம் தேவலை. 1873-இல் நூலாக வந்த உலகம் சுற்றும் கதையில், வேலைக்காரனை மீட்கப் பந்தயத்தையே இழக்கத் துணிகிறான் ஃபாக். ஊர் திரும்பியதும், அவன் அணைக்க மறந்த காஸ் விளக்கின் செலவை அவனுடைய பங்கில் கழித்துக்கொள்ளவும் செய்கிறான். எனக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடித்திருக்கிறது. கணக்குப் பார்க்க வேண்டுமானால் எதிரே ஒரு மனிதன் இருக்க வேண்டுமே.

சங்ககிரிக் கதையில் அந்தக் கணக்கு இல்லை. கருப்பசேர்வைக்கு ‘விசுவாசம்’ என்ற ஒரு சொல்லோடு சரி. சமையல்காரனுக்கு என்ன பாக்கி இருந்ததோ, அதையும் நாம் கேட்பதில்லை.