விருந்தினனின் அறம்

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகுதி. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நம் பள்ளிகளில் அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆயினும் அப்பத்துக் குறள்களையும் ஊன்றிப் படிப்பவர்க்கு ஒன்று புலப்படும். அவை அனைத்தும் உணவு இடுவோனை நோக்கியே பேசுகின்றன. விருந்தினன் அனிச்ச மலரினும் மென்மையானவன் என்று காட்டுமிடத்தும், அம்மென்மையை அறிந்து முகம் கோணாதிருக்க வேண்டிய பொறுப்பு இடுவோனுக்கே உரியதாகிறது. இலையின் முன் அமர்ந்தவனுக்குக் கடமை ஏதும் இல்லையா? இடப்பட்டது அவன் முன்பின் அறியாத பொருளாயின், அல்லது அவன் உள்ளம் ஒப்பாத பொருளாயின், அவன் செய்யத்தக்கது யாது?

சொந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து முடிகிறவனுக்கு இவ்வினா அரிதாகவே எழும். அவன் வீட்டில் கொதிப்பதுதான் அடுத்த வீட்டிலும் கொதிக்கும். கடல் கடந்து வந்தவனுக்கோ இது நாள்தோறும் எழும் வினா. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இம்மலைநாட்டில் வந்திறங்கிய நாளிலிருந்து, இவ்வினாவுக்கு ஏதோ ஒரு விடையைச் சொல்லிக்கொண்டேதான் வாழ்ந்திருக்கிறார்கள். எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

இதனை எழுதி வைத்த தமிழ் நூல் ஒன்று உண்டு. மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையை ஆசிரியர்கள் பலர் அறிவர். அக்காதையின் நடுவே சாதுவன் என்பானின் கதை வருகிறது. சூதிலும் பரத்தையர் உறவிலும் பொருளை இழந்த அவன், வணிகருடன் கப்பலேறிச் செல்கிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையை அடைந்து, களைப்பால் ஒரு மரத்தடியில் உறங்குகிறான். அந்நாகர் மனித ஊனையும் உண்போர். அவனைக் கொல்ல வந்தவர்களிடம் சாதுவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அம்மொழியறிவே அவனுயிரைக் காக்கிறது. (மொழியாசிரியர்களாகிய நாம் இவ்விடத்தைச் சற்று நின்று கவனிக்கலாம்.) அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்ல, தலைவன் அவன் துயரைக் கேட்டிரங்கி, கள்ளும் ஊனும் பெண்ணும் தரும்படி தன் ஆட்களுக்குக் கூறுகிறான். சாதுவன் வேண்டாவென மறுக்கிறான்.

மறுத்ததோடு கதை முடிந்திருந்தால் அதில் வியப்பில்லை. தலைவன் வெகுளுகிறான், தான் தந்ததை ஒருவன் தள்ளினால் எவர்க்கும் வரும் வெகுளிதான் அது. ஆனால் சாதுவன் எழுந்து போகவில்லை. அங்கேயே அமர்ந்து, தான் மறுத்ததற்குரிய காரணத்தை எடுத்துரைக்கிறான். தலைவன் நகைக்கிறான், வினவுகிறான், பின் செவிமடுக்கிறான். இறுதியில், எமக்கேற்ற அறம் எது என்று கேட்கிறான். அவனிடம் ஊனை முற்றுமாக விடும்படி சாதுவன் சொல்லவில்லை. கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதே, மூத்துத் தாமே இறந்த விலங்கை உண்பதோடு நில் என்ற அளவில் நின்றுகொள்கிறான். அதன்பின் நாகர் தலைவன் கொடுத்த அகிலையும் சந்தனத்தையும் துணியையும் பொருளையும் ஏற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறான். ஊனை மறுத்தவன், கொடுத்தவனை மறுக்கவில்லை. அவன் கையால் வேறொன்றைப் பெற்றுக்கொண்டே வந்தான்.

அதே காதையின் முடிவில் மற்றொரு செய்தி உண்டு. உலகின் பசியெல்லாம் தீர்க்கவல்ல அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை, அப்பாத்திரத்தில் முதற்பிச்சையைச் சாதுவனின் மனைவி ஆதிரையிடம் ஏற்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரமும் முதலில் ஒருவர் கையிலிருந்து பெற்றாக வேண்டும். கொடுப்பதை உயர்வாகவும் பெறுவதைத் தாழ்வாகவும் எண்ணிப் பழகிய நமக்குச் சாத்தனார் இவ்விடத்தில் சொல்வது சிறிய செய்தியன்று.

ஆகவே மறுத்தலிலும் இரு வகை உண்டென்று கொள்ளலாம். ஒன்று நோன்பினால் வருவது. மற்றொன்று அருவருப்பினால் வருவது. நோன்பு தன்னைத் தானே கட்டுவது. அதற்குக் காரணம் சொல்ல முடியும். கேட்பவன் ஏற்காவிடினும் விளங்கிக்கொள்வான். அருவருப்புக்குக் காரணம் கிடையாது. அது மூக்கிலே பிறந்து, நெஞ்சுக்கு ஏறி, பின்னர் ஒழுக்கத்தின் பெயரைச் சூட்டிக்கொள்கிறது. "அவர்கள் அதையெல்லாம் தின்பவர்கள்" என்று நம் வீடுகளில் சொல்லப்படும்போது, பேசுவது நோன்பா அருவருப்பா என்பதைக் கேட்பவர் எளிதில் உணரலாம்.

மூக்கின் தீர்ப்பு எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்குப் பெலாச்சானே சான்று. கூனி எனும் சிற்றிறாலை உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, இடித்துப் புளிக்கவைத்துச் செய்வது அது. நெருப்பில் வாட்டும்போது எழும் நெடி, பழகாதவரைத் தெருமுனைக்கே துரத்திவிடும். தோட்டப்புறத்துக்குப் புதிதாக வந்தோர் அந்நெடிக்கு மூக்கைப் பொத்தியதாக முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்வாறு மூக்கைப் பொத்தியவரின் அஞ்சறைப் பெட்டியில் என்ன இருந்தது? பெருங்காயம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால் அது. அதன் நாற்றம் பொறாத ஐரோப்பியர் அதற்குப் பேயின் மலம் என்ற பொருளிலேயே பெயரிட்டனர். நமக்கோ அது இல்லாமல் ரசம் மணப்பதில்லை. கருவாட்டைப் பற்றி நான் கூறவே வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. நம் முன்னோர் காலந்தொட்டு வந்தது என்று நாம் போற்றும் உணவில் எவ்வளவு நம்முடையது? மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த பொருள். அறிந்த மிளகின் பெயரைக் கொண்டே அறியாத காய்க்குத் தமிழன் பெயரிட்டான். தக்காளியும் உருளைக்கிழங்கும் பப்பாளியும் அக்கண்டத்திலிருந்து வந்தவையே. இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒரு தமிழ்ப் பெண் முதன்முதலாக, ஐயத்தோடு, தன் அடுப்பில் ஏற்றியிருக்க வேண்டும். அவளுடைய துணிவுக்கு நாம் விழா எடுப்பதில்லை. அதே பெண்ணின் வழிவந்தோர் ரப்பர் மரத்தடியில் பால் சேகரித்தார்களே, அம்மரமும் பிரேசிலிலிருந்து விதையாக எடுக்கப்பட்டு, 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு நாற்றாக வந்ததுதான்.

அறியாத பொருள் தனியே வருவதில்லை. அதை அறிந்த ஒரு மனிதரோடுதான் வருகிறது. இதுவே இவ்விடயத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் இந்நாட்டில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கே பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. கிழங்கு மட்டுமன்று, அதன் கொழுந்தும் கீரையாயிற்று. மரவள்ளியில் நஞ்சுண்டு. எந்த வகையை எவ்வாறு வேகவைத்து நீரை வடிக்க வேண்டும் என்பதை ஒருவர் சொல்லி மற்றொருவர் கேட்டே உண்ண வேண்டியிருந்தது. காட்டோரத்துப் பெரணிக் கொழுந்தாகிய பூச்சோக் பாக்குவையும், நாறும் பெத்தாய்க் கொட்டையையும் நம்மவர் உண்ணக் கற்றதும் அண்டை அயலாரிடமிருந்துதான்.

இவற்றினும் வியப்பானது கெலுவாக் கொட்டை. நீரிணைக் குடியேற்றங்களின் பெரானாக்கான் சீனர் அதனைக் கோழியுடன் சேர்த்துக் கறியாக்குவர். பச்சையாக உண்டால் அது கொல்லும். வேகவைத்து, சாம்பலிலும் மண்ணிலும் நாற்பது நாள் அளவும் புதைத்து வைத்த பின்னரே அதன் நஞ்சு நீங்கிப் பருப்பு கருமையாகும். அக்கறியைப் பிறர் வீட்டில் உண்ண அமர்பவன் செய்வது என்ன? தான் காணாத நாற்பது நாள் உழைப்பையும், தனக்குத் தெரியாத ஒருவரின் கவனத்தையும் நம்பி, தன் உயிரை அந்தக் கிண்ணத்தில் வைக்கிறான். உண்பது ஒரு செயல் என்பதும், அதில் நம்பிக்கை என்னும் அறம் அடங்கியிருக்கிறது என்பதும் இங்கே வெளிப்படையாகிறது. சோற்றிலும் குழம்பிலும் அதே நம்பிக்கைதான் உள்ளது. பழக்கம் அதனை மறைத்துவிடுகிறது.

மலாக்கா செட்டிகளை நோக்குவோம். மலாக்கா சுல்தானியக் காலத்தில் வந்த தமிழ் வணிகரின் வழியினர் அவர்கள். தமிழ் அவர்கள் நாவை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று, மலாயே வீட்டுமொழி. ஆயினும் சைவ நெறி நீங்கவில்லை. 1781இல் எழுந்த அவர்களது விநாயகர் கோயில் இன்றும் மலாக்காவில் வழிபாட்டில் உள்ளது. ஆண்டில் இருமுறை அவர்கள் தம் மூதாதையர்க்கு வாழையிலையில் உணவு படைப்பர். ஒன்று போகியன்று. மற்றொன்று ஆண்டின் நடுவில், பழப்பருவத்தில். அப்போது டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் இலையேறும். மூதாதையர் தம் பிறந்த ஊரில் கண்டறியாத கனிகள் அவை. மொழியை இழந்தது குறித்து நமக்கு வருத்தம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் அக்கனிகள் இலையேறியதை இழப்பின் கணக்கில் எழுத என் மனம் இசையவில்லை.

உணவை ஏற்க மறுப்பது வெறும் சுவையின் கேள்வியன்று என்பதைத் தமிழர் பிறரினும் நன்கறிவர். ஒருவர் கைநீரைப் பருக மறுத்தும், ஒருவரோடு ஒரே பந்தியில் அமர மறுத்துமே நம் சமுதாயத்தில் சாதி தன்னை நிலைநிறுத்திக்கொண்டது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தின் கதை ஆசிரியர்கள் மறக்கக்கூடாத ஒன்று. ஐயர் விடுதலைப் போராட்ட வீரர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர். அவர் நடத்திய அவ்விடுதியில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு இடப்பட்டது. பெற்றோர் விருப்பம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1924, 1925 ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி தமிழகக் காங்கிரசையே உலுக்கியது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். விருந்தோம்பலை உலகுக்கு மொழிபெயர்த்தவரின் பள்ளியிலேயே பந்தி பிரிந்தது. இலையில் இருந்த சோறு ஒன்றாகவே இருந்திருக்கலாம். பிரிக்கப்பட்டது சோறன்று, மனிதர்.

அச்சாதி கப்பலேறி இங்கும் வந்தது. தோட்டங்களில் சாதிவாரியாக லயங்கள் ஒதுக்கப்பட்டதை முதியோர் அறிவர். எனவே, மலாய்க்காரர் வீட்டிலோ சீனர் வீட்டிலோ முகம் சுளிக்கும் நம்மவர் ஒருவரைக் காணும்போது, அச்சுளிப்பின் வேர் எங்கிருக்கிறது என்று நான் ஐயுறுவதுண்டு.

அவ்வாறாயின் எதனையும் மறுக்கவே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. விருந்தோம்பலைப் பாடிய வள்ளுவரே துறவறவியலில் புலால் மறுத்தலையும் பாடினார். 1867இல் வடலூரில் சாதி மத வேறுபாடின்றி அனைவர்க்கும் சோறிட அடுப்பேற்றிய வள்ளலார், புலாலை முற்றும் விலக்கியவர். மாட்டிறைச்சி உண்ணாத இந்துவும் பன்றியிறைச்சி உண்ணாத முஸ்லிமும் அடுத்தடுத்து வாழும் நாடு இது. யாரும் தம் நெறியை விட்டுத்தான் நட்பைக் காட்ட வேண்டும் என்பது, நட்பன்று, வல்லந்தம்.

மறுப்பவர் எவ்வாறு மறுக்க வேண்டும் என்பதில்தான் நாம் பிறரிடம் கற்க வேண்டியது உண்டு. மலாய்க்காரரிடமும் போர்னியோத் தீவின் பழங்குடியினரிடமும் கெம்புனான் என்றொரு நம்பிக்கை உள்ளது. முன்வைக்கப்பட்ட உணவைச் சுவைக்காமல் எழுந்து செல்பவனுக்கு வழியில் தீங்கு நேரும் என்பர். பசியில்லாதவன், அல்லது உண்ணமுடியாதவன், தட்டிலுள்ளதை விரல் நுனியால் தொட்டுவிட்டு எழுவான். சரவாக்கில் பணியாற்றிய ஆசிரியர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் ஒதுக்கலாம். உண்ணாமலும் ஒருவர் உணவை மதிக்க ஓர் உடல்மொழியை அம்மக்கள் வகுத்து வைத்திருப்பதையே நான் காண்கிறேன். "வேண்டாம்" என்ற ஒரு சொல்லைத் தவிர, மறுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

இடுவோனின் பக்கத்தையும் சொல்லவேண்டும், நாமும் மறுக்கப்படுகிறோம். தீபாவளியன்று வீட்டிற்கு வரும் முஸ்லிம் நண்பர் முறுக்கை எடுத்துக்கொண்டு, கோழிக்கறியின் முன் தயங்குகிறார். நம்மவர் சிலருக்கு அத்தயக்கம் மனத்தாங்கலாகிறது. இது நியாயமன்று. அவருடைய தயக்கம் நம் கையைப் பற்றியதன்று. அவர் ஏற்ற நெறியைப் பற்றியது. இதனை அறிந்த தமிழ்க் குடும்பங்கள் ஹலால் கடையில் கோழி வாங்கி, புதிய பாத்திரத்தில் சமைத்து, அதனை வாய்விட்டுச் சொல்லியும் வைக்கின்றன. நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டுக் கஞ்சி நம் வாயிலுக்கு வரும்போது, "இதில் மாட்டிறைச்சி இல்லை" என்று அவர்களும் சொல்லித் தருவதுண்டு. சமைக்கும்போதே நம்மை நினைத்தார்கள் என்பதன்றோ அச்சொல்லின் பொருள்?

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இவையெல்லாம் சிறு அளவில் நாள்தோறும் நடக்கின்றன. ஒரு பிள்ளை உணவுப் பெட்டியைத் திறக்கிறது. பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடிக்கிறது. பெட்டியை உடையவள் மூடியைச் சாத்திக்கொண்டு, அன்று பட்டினியாக வகுப்புக்குத் திரும்புகிறாள். நன்னெறிப் பாடத்தில் வைத்துப் பேசும்வரை இதற்குக் காத்திருக்கலாகாது என்று எம் பள்ளி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்நேரத்தில் அறிவுரையும் பயனற்றது. இளம் ஆசிரியை ஒருவர் செய்ததை இங்குக் குறிப்பிடலாம். அவர் மூக்கைப் பிடித்த பிள்ளையை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை உடைய பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இதை உன் அம்மா எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்டார். பிள்ளை சொல்லத் தொடங்கியதும் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டனர். மூக்கைப் பிடித்தவனும் அவர்களில் நின்றான். அவன் அன்று அதை உண்ணவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான்.