துருப்பிடித்த வண்டியும் துருப்பிடித்த ஆத்துமமும்



தபசு காலத்தில் உங்கள் பங்குசுவாமி மோட்டார் வண்டியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டாரே என்று ஆச்சரியப்படாதீர்கள். நமது திவ்விய இரட்சகர் விதையையும் வலையையும் புளித்த மாவையும் காட்டி மோட்ச இராச்சியத்தைப் போதித்தார். பழுதான எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை செய்கிற மெக்கானிக்கிடமும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஞானபாடம் ஒன்று உண்டு.

ஜெர்மனி தேசத்து ஸ்டுட்கார்ட் நகரில் போர்ஷே என்ற கம்பெனி ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்து வருகிறது. 1963-ம் ஆண்டு பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரோடு ஒரு புது வண்டியைக் காட்டினார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் அதன் பின்புறத்தில் இருந்தது; 130 குதிரைச் சக்தி; மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம். நடுவில் பூஜ்யம் வரும் இப்படிப்பட்ட எண்ணைப் பெயராக வைக்க வேறொரு கம்பெனி ஆட்சேபித்ததால், 1964-ல் அதை 911 என்று மாற்றினார்கள். ஆகையால் 901 என்ற பழைய பெயரோடு பிறந்த வண்டிகள் மிகச் சிலவே.

அவற்றில் ஒன்று 57-ம் எண் வண்டி. 1964 அக்டோபரில் செய்யப்பட்ட அந்தச் சிவப்பு வண்டி, கால ஓட்டத்தில் ஒரு களஞ்சியக் கொட்டகையில் வந்து ஒடுங்கியது. வருஷக்கணக்காய்க் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2014-ல், பழைய சாமான்களைத் தேடிப் பார்க்கும் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்காரர்கள் அதைக் கண்டார்கள். தகட்டைத் துரு தின்றிருந்தது. முன் சக்கரங்களுக்கு மேலிருக்க வேண்டிய இரண்டு தகடுகளையும் காணோம். நம்மில் யாராவது பார்த்திருந்தால் இரும்புக்கடைக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டிருப்போம்.

போர்ஷே கம்பெனியின் பொருட்காட்சி சாலையார் என்ன செய்தார்கள்? வண்டியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார்கள். பெயிண்ட் போயிருந்தது, ஓட்டம் நின்றிருந்தது. எண் மட்டும் அழியாமல் இருந்தது. இது எங்களுடையது என்று அறிந்துகொண்டு, 1 லட்சத்து 7 ஆயிரம் யூரோ விலை கொடுத்து அந்தத் துருவை வாங்கினார்கள்.

பிரியமானவர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற நாளில் உங்கள் ஆத்துமத்திலும் ஒரு முத்திரை பதிக்கப்பட்டது. சாவான பாவம் இஷ்டப்பிரசாதத்தை அழித்துப்போடும்; ஆனால் அந்த முத்திரையை அழிக்க எந்தப் பாவத்தாலும் ஆகாது என்று திருச்சபை போதிக்கிறது. இருபது வருஷமாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவனிடத்திலும் அது இருக்கிறது. பூசை நேரத்தில் கோவிலுக்குள் வராமல் வெளியே மரத்தடியில் நிற்கிறவனிடத்திலும் இருக்கிறது. இவன் என்னுடையவன் என்று சர்வேசுரன் அறிவார். அவனுக்காக அவர் கொடுத்த விலை பொன்னும் வெள்ளியும் அல்ல, தம் ஏக குமாரனின் இரத்தம்.

வாங்கியவர்கள் உடனே புது பெயிண்ட் அடித்துக் காட்சிக்கு நிறுத்தினார்களா? இல்லை. பழைய பெயிண்டையும் துருவையும் முதலில் மருந்து முறையில் கரைத்தெடுத்துத் தகட்டை வெறுமையாக்கினார்கள். கூடு வேலைக்கு மாத்திரம் ஒரு வருஷம் சென்றது. எஞ்சின், கியர், மின்சாரக் கம்பிகள், ஆசனங்கள் எல்லாவற்றையும் பழுதுபார்த்தார்கள். இயன்ற வரையில் பழைய பாகத்தையே சீராக்கிப் பொருத்த வேண்டும், எளிதென்று மாற்றிவிடக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. இப்படி மூன்று வருஷம் உழைத்து, 2017 டிசம்பரில் அந்த வண்டியை ஜனங்களுக்குக் காட்டினார்கள். வேறொரு வண்டி அல்ல. அதே 57-ம் எண் வண்டி.

நெடுங்காலம் நின்றுபோன எஞ்சினுக்கு உள்ளே நேர்வது என்னவென்று மெக்கானிக் வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள். எஞ்சினுக்கு உயிர் எண்ணெய். கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. அது இருக்கும் வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. எண்ணெய் வற்றினால் உராய்ந்து, சூடேறி, ஒட்டிப்போகும். ஓடாமல் நின்றாலும் கேடுதான்: ஈரம் உள்ளே புகுந்து, பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டரோடு துரு பிணைத்துவிடும். வெளியே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் வண்டி பளபளக்கும், ஓடாது.

நம்மிலும் இப்படிப் பெயிண்ட் அடித்த வண்டிகள் உண்டல்லவா? திருநாளுக்குப் புது வேஷ்டி, சப்பரத்துக்கு முன்னால் முதல் வரிசை, நன்கொடைப் பட்டியலில் பெரிய தொகை. உள்ளே அண்ணன் தம்பிக்குள் பத்து வருஷப் பகை, திருப்பிக் கொடுக்காத பிறர் பணம், யாருக்கும் சொல்லாத ஒரு பாவம். இஷ்டப்பிரசாதமாகிய எண்ணெய் வற்றிப்போன ஆத்துமத்துக்கு வெளிப்பூச்சு என்ன பிரயோசனம்?

எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். பழைய எண்ணெயை வடிக்கையில் அதில் உலோகத் தூள் மினுங்கினால், உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதென்று மெக்கானிக் அறிந்துகொள்கிறான். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, கழுவி, அளந்து பார்க்கிறான். இதுவே ஆத்தும சோதனை. பழுதை மறைக்காமல் எடுத்துக் காட்டுவது பாவசங்கீர்த்தனம். தேய்ந்ததை உழைத்துச் சீர்செய்வது அபராதம் தீர்ப்பது. வெடித்த பாகத்தை ஒளித்துவைத்து எஞ்சினை மூடினால், அது முன்னிலும் மோசமாய் உடையும். வெட்கத்தினால் ஒரு சாவான பாவத்தை வேண்டுமென்று மறைக்கிறவனுடைய கதியும் அதுவே.

இனி, இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் வராத ஒருவரை நினைத்துப் பெருமூச்சு விடுகிற தாய்மாரே, மனைவிமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டிப்போன எஞ்சினை அனுபவமில்லாதவன் என்ன செய்வான்? நாலு பேரைக் கூட்டி வண்டியைத் தள்ளி, கியரைப் போட்டு, பலவந்தமாய்ச் சுழற்றப் பார்ப்பான். வளையம் முறியும், சிலிண்டர் கீறும். தேர்ந்த மெக்கானிக் அப்படிச் செய்ய மாட்டான். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே எண்ணெய் விட்டு, நாட்கணக்காய் ஊற வைப்பான். பிறகு கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பான். அசையவில்லையா? மறுபடியும் எண்ணெய், மறுபடியும் பொறுமை. அப்போதும் அசையாவிட்டால் பாகம் பாகமாய்ப் பிரிப்பான். சுத்தியலால் அடிக்க மாட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் குத்திப் பேசுவதும், பிள்ளைகளுக்கு முன் அவமானப்படுத்துவதும் பலவந்தமாய்த் தள்ளுவதற்குச் சமம். செபமும் அன்பான சொல்லும் நீங்கள் விடுகிற எண்ணெய். அர்ச். மோனிக்கம்மாள் வருஷக்கணக்காய்க் கண்ணீரோடு காத்திருந்தாள். 387-ல் மிலான் நகரில் அர்ச். அம்புரோசியார் கையால் அவளுடைய மகன் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் கண்ணீர் வீணாயிற்றா?

வராதவரே, உங்களோடும் பேச விரும்புகிறேன். ஒருவேளை எப்போதோ பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு குருவானவர் கடுமையாய்ப் பேசினதால் நீங்கள் விலகிப் போயிருக்கலாம். மெக்கானிக்கும் சில வேளை கை தவறி அடித்துவிடுகிறான். குருக்களாகிய எங்களில் யாராவது உங்களை அப்படிக் காயப்படுத்தியிருந்தால், அவருக்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காக இரட்சகருடைய கையை விட்டு விலகி நிற்காதீர்கள்.

“இனிமேல் நான் புது மனிதனாவது எங்கே, சுவாமி?” என்பீர்கள். உங்களை எறிந்துவிட்டு வேறொருவரைச் செய்துகொள்ள ஆண்டவர் நினைக்கவில்லை. எரேமியாஸ் தீர்க்கதரிசி கண்ட குயவன், கெட்டுப்போன அதே மண்ணைத்தான் மறுபடியும் பாத்திரமாக வனைந்தான். ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் திரும்பி வந்த அதே மகனைத்தான் கட்டித் தழுவினான். உங்கள் பெயர், உங்கள் குரல், உங்கள் கைகள் எல்லாம் அவருக்கு வேண்டும்.

வேலை ஒரே நாளில் முடியாமல் போகலாம். பழைய பழக்கம் திரும்ப இழுக்கும். அப்போது திரும்பவும் வாருங்கள். சீராக்கின வண்டியையும் ஓட்டாமல் நிறுத்தினால் மறுபடி துரு ஏறும். ஆகையால் அடுத்தடுத்துப் பாவசங்கீர்த்தனம் செய்து, திவ்விய நற்கருணை வாங்குங்கள்.

சனிக்கிழமை சாயந்திரம் நான் தொட்டியில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை வருஷமாயிற்று என்ற கணக்கு உங்களைத் தடுக்க வேண்டாம். எப்படித் தொடங்குவதென்று மறந்துவிட்டிருந்தால், “சுவாமி, மறந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை இருவருமாய்ச் சேர்ந்து செய்வோம். பாவிகளுக்கு அடைக்கலமான தேவமாதா உங்களைக் கைபிடித்து அழைத்து வருவாளாக. ஆமென்.

உங்கள் பங்குசுவாமி