விதியும் 30 மில்லியாம்பியரும்

ஓமலூரில் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். ஷாக்கடித்து ஆள் போன வீட்டில், "அவன் விதி" என்பார்கள். எனக்கு ஒப்பாது. வீட்டு மின்சாரம் ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. தலையெழுத்துமா நாட்டுக்கு நாடு மாறும்?

2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் அப்பர் சதயத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். கைவிட்டது சாமியா? கரண்டை நிறுத்தாமல் விட்ட மனுஷக் கணக்குதான் என்பேன்.

சில வீடுகளில் மெயின் போர்டுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் இருக்கும். திறந்தால் பச்சை எர்த் வயர் எதிலும் சேராமல் சுருண்டு கிடக்கும். மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தால் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டித்துவிடும். பக்திக்கு அது விரோதமா என்ன?

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள்.