காளத்தி வேடரும் டான்ஷியா துறவியும்

ஜென் கதைகளைத் தமிழ் வாசகர்கள் விரும்பிப் படிக்கின்றனர். அவற்றுள் அடிக்கடி சொல்லப்படுவது, எட்டாம் நூற்றாண்டில் சீனத்தில் பிறந்த டான்ஷியா துறவியின் கதை. கடுங்குளிரில் ஒரு மடத்தில் தங்கிய அவர், மரத்தாலான புத்தர் திருவுருவத்தை எரித்துக் குளிர்காய்ந்தார். மடத்துத் துறவி பதறிக் கடிந்துகொண்டார். டான்ஷியாவோ சாம்பலைக் கிளறியபடி, புத்தரின் புனித எச்சத்தைத் தேடுவதாகச் சொன்னார். 'மரத்தில் அது ஏது?' என்றார் மடத்துத் துறவி. 'அப்படியானால் கோபம் எதற்கு?' என்றார் டான்ஷியா.

இதைப் படித்துவிட்டு, திருவுருவ வழிபாடே வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அவசர முடிவு அது. அவர்கள் ஒருமுறை திருப்பதிக்கு அருகே, சுவர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள காளத்திக்கு வர வேண்டும். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இத்தலம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்த வரலாறு நாம் அறிந்ததே. வேடராகிய திண்ணனார் வாயில் முகந்த நீரால் இறைவனை நீராட்டினார். தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தார். ஆகம நெறி தவறாத சிவகோசரியார் நாள்தோறும் அவற்றை அகற்றித் தூய்மை செய்து வருந்தினார். ஆறாம் நாள், இறைவனின் வலக்கண்ணில் குருதி பெருகியது. திண்ணனார் தம் கண்ணை அகழ்ந்து அப்பினார். இடக்கண்ணிலும் குருதி வடியவே, இடம் தெரிவதற்காகத் தம் காலை அங்கே ஊன்றிக்கொண்டு மறுபடியும் அம்பை எடுத்தார். இறைவன் தடுத்தருளினார்.

ஒருவர் திருவுருவத்தைத் தீயிலிட்டார். மற்றவர் அதன்மேல் காலை வைத்தார். வெளித்தோற்றத்தில் இரண்டும் அபசாரமே. ஆனால் டான்ஷியா மரத்தில் மரத்தை மட்டுமே கண்டார். திண்ணனாரோ கல்லைக் காணவே இல்லை. கண் நோகும் ஓர் உயிரையே கண்டார். அரசுப் பதவிக்கான தேர்வெழுதச் சென்ற டான்ஷியா அதைத் துறந்து, மடத்தின் சமையற்கூடத்தில் மூன்றாண்டு தொண்டு செய்தவர் என்பதை, கதை சொல்வோர் ஏனோ சொல்வதில்லை!

இன்னொரு வேறுபாடும் உண்டு. டான்ஷியாவைக் கடிந்தவரின் புருவங்கள் உதிர்ந்துவிட்டன என்கிறது ஜென் மரபு. காளத்தியில் சிவகோசரியாருக்குத் தண்டனை ஏதுமில்லை. அவருடைய பூஜையும் தள்ளப்படவில்லை. மறைந்திருந்து காணும் பேறு அவருக்குக் கிட்டியது.

கண்ணப்பர் செய்ததைப் பிறரும் செய்யலாமா? சுவாங் ட்சு நூலில் வரும் தச்சர் ஒருவர் இதற்கு உதவுகிறார். முன்னோர் நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்த மன்னனிடம், 'தாங்கள் படிப்பது வெறும் சக்கை' என்றார் அவர். சினந்த மன்னன் விளக்கம் கேட்டான். சக்கரம் செதுக்கும்போது கை அறியும் பக்குவத்தைத் தம் மகனுக்கும் சொல்லித்தர இயலவில்லை, எழுபது வயதிலும் தாமே செதுக்க வேண்டியிருக்கிறது என்றார் தச்சர். கண்ணப்பரின் காலும் அத்தச்சரின் கையைப் போன்றதே. கதையைப் படித்துவிட்டுக் காலைத் தூக்குபவனிடம் இருப்பது சக்கைதான்.

திருமலை மரபில் குரும்பறுத்த நம்பி என்ற குயவர் இருக்கிறார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. மலைக்குச் சென்று வழிபட ஓய்வில்லாததால், வேலைக்கு நடுவே கையில் ஒட்டிய மண்ணைப் பூவாக உருட்டித் தம் இல்லத்துத் திருவுருவத்திற்குச் சாற்றினார். தொண்டைமான் அரசன் சாற்றிய பொன்மலர்களின் மேல் அம்மண்மலர்கள் காணப்பட்டனவாம்.